ஒற்றைக் காதும் முப்பத்தெட்டு நாற்றும்

இப்போது வீட்டில் இருப்பவர்கள்: நான், என் மனைவி தெய்வாத்தாள், என் தங்கை பாப்பாத்தி, தங்கை மகள் கோகிலவாணி, அவள் புருஷன் லோகநாதன், அவர்களுடைய பதினோரு மாதப் பெண் குழந்தை, காது குத்த வந்த வேலாயுத ஆசாரி. ஏழு பேர். மொட்டை மாடியில் கண்ணாடிக்கு அடியில் முப்பத்தெட்டுப் பேர். நாற்றுகளை ஆள் கணக்கில் சேர்த்தேன் என்று தெரிந்தால் தெய்வாத்தாள் தை பிறக்கும்வரை சொல்லிச் சிரிப்பாள். தெரியப்போவதில்லை. நான் எண்ணுவதெல்லாம் உள்ளுக்குள்தான். நூல் மில்லில் கோன் எண்ணிப் பெட்டி கட்டியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் உதடு அசையாமல் எண்ணிக்கை ஓடும். ஏழு பேரில் ஒருத்தி தூங்குகிறாள், ஐந்து பேருக்கு நடமாட முடியும், அசைய முடியாதவன் நான் ஒருவன், ஏனென்றால் தூங்குகிறவள் என் மடியில் தூங்குகிறாள், அதுவும் ஒரு காது குத்தியும் ஒரு காது குத்தாமலும். வலது காதில் கம்பி ஏறிவிட்டது. ஏறியபோது போட்ட கத்தலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. கத்தி, விக்கி, மூக்கை என் சட்டையில் தேய்த்து, ஆசாரி இடது காதுக்குக் கையை நீட்டுவதற்குள் அப்படியே கண்ணை மூடிவிட்டாள். குத்துங்கள் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறப்பதற்குள் ஆசாரி ஊசியைப் பஞ்சில் வைத்துவிட்டார். “தூங்கற கொழந்தையக் குத்தப்படாதுங்க. திடுக்குனு தலையத் திருப்புனா காது கிழிஞ்சு போயிரும். முழிக்கட்டும்.” உடனே பாப்பாத்தி, “ஒத்தைக் காதோட மடி மாத்தக் கூடாதுங்கண்ணா, நீங்க அப்படியே உக்காந்திருங்க” என்றாள். இந்தச் சட்டத்தை அவள் எங்கே கேட்டு வந்தாள் என்று தெரியாது. மாமன் வீட்டில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதும் அவள் கேட்டு வந்ததுதான். முறைப்படி மாமன் நான்கூட இல்லை. கோகிலவாணியின் தம்பி மஸ்கட்டில் இருக்கிறான், அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. “பெத்தவளுக்கு மாமன், பிள்ளைக்கும் மாமன்தான்” என்று என்னைப் பிடித்து மணையில் உட்கார வைத்துவிட்டாள். குழந்தைக்குத் தியாஷினி என்று பெயர். என்ன அர்த்தம் என்று கேட்டேன். நெட்டில் இருந்தது என்றார்கள்.

கண்ணாடியை எடுக்க வேண்டும். காலையில் எழுந்து மாடிக்குப் போனபோது வானம் கழுவாத ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. ஐப்பசி அடைமழை, இரண்டு நாளாக விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தூறல் விழுந்தால் ஒவ்வொரு சொட்டும் அந்த நாற்றுகளுக்கு உலக்கை. முளைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, தண்டு தையல் நூல் கனம்தான், மேலே இரண்டு இலை, சட்டைப் பொத்தானில் பாதி. அதனால் பழைய ஷோகேஸ் கண்ணாடியை எடுத்துத் தெர்மாகோல் பெட்டியின் மேல் மூடிவிட்டு, விசேஷம் முடிந்ததும் வந்து திறக்கலாம் என்று இறங்கி வந்தேன். சரியான காரியம்தான். வானம் அப்படியே இருந்திருந்தால் சரியான காரியம். இப்போது பால்கனிக் கதவு வழியாகத் தரையில் ஒரு வெயில் துண்டு விழுந்திருக்கிறது. முதலில் வெளுப்பாக, விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் இருந்தது. மேகம்தான் விலகுகிறது, மறுபடி மூடிக்கொள்ளும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூடவில்லை. பால்கனிக் கம்பியின் நிழல் தரையில் கறுப்பாக, கோடு போட்ட மாதிரி வந்துவிட்டது. மழைக்கு அப்புறம் வரும் வெயில் மோசமானது, காற்றில் தூசி இல்லாமல் நேராக இறங்கும். பஜ்ஜிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு போட்டு வடையைச் சூடு ஆறாமல் வைப்பார்களே, மாடியில் இப்போது அதுதான் நடக்கிறது. வேர் நனைந்திருக்கிறது, மேலே மூடி, நடுவே வெயில். வேகவைக்கிறோம். இட்லிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இட்லியைப் பற்றி ஏன் நினைக்கிறேன். யாராவது மாடிக்குப் போய் அந்தக் கண்ணாடியை எடுத்து வையுங்கள். ஏழு வார்த்தை. சொல்லிவிட வேண்டியதுதானே. ஏழு பேர் இருக்கிற வீட்டில் ஏழு வார்த்தை.

யாரிடம் சொல்வது என்று பார்க்கிறேன். தெய்வாத்தாளுக்கு முட்டி வலி, மாடிப்படி ஏறக் கூடாது, அடுப்பில் அரிசிம்பருப்புச் சாதம் கொதிக்கிறது. கோகிலவாணி குழந்தையோடு சேர்ந்து அழுது ஓய்ந்துபோய் உள்ளே படுத்திருக்கிறாள். ஆசாரி இரண்டாவது தட்டில் கேசரி சாப்பிடுகிறார், அவர் வந்தது காதுக்கு, செடிக்கு அல்ல. மிச்சம் லோகநாதன். பால்கனியில் நின்று போனில் யாருக்கோ ஏதோ சரக்கு வரவில்லை என்று விளக்கிக்கொண்டிருக்கிறான். “மாப்ளை” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. குழந்தை எழுந்துவிடுமே என்று குறைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் என் குரல் எப்போதும் அவ்வளவுதான். “மாப்ளை.” திரும்பினான். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான், ஒரு நிமிஷம் என்று. அந்த விரலை இறக்கவே இல்லை. விரலைத் தூக்கியபடியே அங்கும் இங்கும் நடக்கிறான். வெயில் துண்டு இப்போது செருப்பு விடும் இடத்தைத் தாண்டிவிட்டது. “தெய்வா” என்றேன். அடுக்களையிலிருந்து, “என்னுங்க, காப்பியா?” “இல்ல, மாடில...” “மாடில என்னுங்க?” எல்லாரும் என்னைப் பார்த்துவிட்டார்கள். இதுதான், இதைத்தான் நான் தவிர்த்துக்கொண்டிருந்தேன். ஆசாரிகூட ஸ்பூனை நிறுத்தினார். “அந்தப் பெட்டி... வெயிலு...” என்று ஆரம்பித்ததும் பாப்பாத்தி கையைக் கொட்டிக்கொண்டு சிரித்தாள். “ஏனுங்கண்ணா, கொழந்தை மடில கெடக்குது, உங்க நெனப்பு மாடிலயா!” ஆசாரி, “பெரியவருக்குச் செடி மேல உசுருங்களா?” என்றார். “உசுருங்களாவா? எங்க கண்ணாலத்துல எனக்குப் பூ வாங்கித் தர மறந்த மனுசருங்க” என்று தெய்வாத்தாள் உள்ளிருந்தே சொன்னாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன இழவுக்கு நான் சிரித்தேன்? சிரித்து முடித்ததும் விஷயமும் முடிந்த மாதிரி ஆகிவிட்டது. பாப்பாத்தி மஞ்சள் கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள். ஒருத்தரும் மாடிக்குப் போகவில்லை. இனி மறுபடி ஆரம்பிக்க வேண்டுமென்றால் முதல் தடவையைவிட இரண்டு மடங்கு தைரியம் வேண்டும், என்னிடம் முதல் தடவைக்கு இருந்ததே கடன் வாங்கின மாதிரி.

கூட்டத்தில் பேசினபோதும் இப்படித்தான் கழுத்துச் சூடாகியது. எட்டு வருஷமாக இந்தக் குடியிருப்பில் இருக்கிறோம், மாதக் கூட்டம் ஒன்றுவிடாமல் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து வருவேன், ஒரு வார்த்தை பேசினதில்லை. பலருக்கு என் பெயர் நாச்சிமுத்து என்பதே தெரியாது, மூணாம் நம்பர் பெரியவர், அவ்வளவுதான். ஆவணிக் கூட்டத்தில் செயலாளர் திருமூர்த்தி, கேட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிற அந்த வட்ட இடத்தைக் கான்கிரீட் போட்டு மூடினால் ஏழெட்டு ஸ்கூட்டர் நிறுத்தலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. “அதைச் செடிக்கு விடுங்க” என்றேன். அத்தனை நாற்காலியும் கிரீச்சென்று திரும்பியது. “என்ன செடிங்கய்யா?” என்றார் திருமூர்த்தி. “சால்வியா. பூ செவப்பா வரும். வட்டம் பூரா செவப்பா.” யாரோ முன்வரிசையில், “பெரியவர் பேசறாரப்பா” என்றார்கள், யானை பேசின மாதிரி. திருமூர்த்தி மோசமான மனிதர் இல்லை, அவரவர் வண்டி மழையில் நனைகிறது, அவரவர் கவலை. “சரிங்கய்யா, பொங்கலுக்குள்ள அந்த எடம் செவப்பாத் தெரிஞ்சா செடிக்கே விட்டர்றோம். இல்லீன்னா தை மாசம் சிமெண்டு” என்றார். கை தட்டினார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில் இல்லை, எல்லாரும் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை கண்ணுக்குள்ளேயே இருந்தது. பூ வராவிட்டால் இடம் போகும், அது பரவாயில்லை, சிமெண்டு போட்ட இடம் ஊரில் எத்தனையோ இருக்கிறது. ஆனால் நான் பேசின ஒரே பேச்சு வெறும் பேச்சாகிவிடும். வட்டத்தின் மேல் ஸ்கூட்டரை நிறுத்தும்போதெல்லாம் சிரிப்பார்கள், பெரியவர் ஒருக்கா எந்திரிச்சு நின்னாரே என்று. அதற்கப்புறம் கடைசி நாற்காலியில்கூட எப்படி உட்காருவது? கயிறு வைத்து அளந்து, சாணுக்கு ஒன்று என்று நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் போட்டால் முப்பது செடி வேண்டும் என்று கணக்குப் பண்ணினேன். முப்பத்தெட்டு இருக்கிறது. இருந்தது. காலையில் இருந்தது.

மேட்டுப்பாளையத்து நர்சரிக்காரர் செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொடுத்த விதை அது, மருந்து தடவாத சொந்த விதை என்றார். முதல் தடவை அவரைக்குப் போடுகிற மாதிரி விரல் கணு ஆழத்தில் புதைத்துவிட்டேன். பதினைந்து நாள் தண்ணீர் தெளித்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மண்ணும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. போன் பண்ணினால் அந்த மனுஷர், “அதுக்கு வெளிச்சம் படோணுமுங்க, மண்ணப் போட்டு மூடுனா அது அடக்கம் பண்ணுனதுங்க” என்று சிரிக்கிறார். கொடுக்கும்போதே சொல்லக் கூடாதா? இரண்டாவது தடவை ஒரு பங்கு விதையை டம்ளரில் ஊறப்போட்டு அடுக்களை மேடையில் வைத்தேன். காலையில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழுவழுவென்று கோந்து கட்டியிருந்தது. சரி, ஊறிவிட்டது என்று விதைத் தட்டைக் கழுவ மாடிக்குப் போய்த் திரும்பி வந்தால் டம்ளர் காலி. “சப்ஜா விதை நல்லா ஊறி இருந்துதுங்க, செயலாளர் வந்தாரு, நன்னாரி சர்பத்துல போட்டுக் குடுத்தேன்” என்கிறாள் தெய்வாத்தாள். அதிலிருந்து ஒரு விதையைக்கூட அவர் மிச்சம் வைக்கவில்லை. “ரொம்பக் குளிர்ச்சீங்கக்கான்னு சொல்லிட்டுப் போனாரு.” நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டு என்ன, நாற்பது நாற்று ஒரு மனிதன் வயிற்றுக்குள் போய்விட்டது, அதுவும் எந்த மனிதன். அப்புறம்தான் பயம் வந்தது. அது தின்னக்கூடிய விதையா? யாரிடம் கேட்பது? நர்சரிக்காரரிடம் கேட்டால் ஏன் கேட்கிறீர்கள் என்பார். இரண்டு நாள் பால்கனியிலேயே நின்றேன், திருமூர்த்தியின் ஸ்கூட்டர் காலையில் கிளம்புகிறதா, சாயங்காலம் திரும்புகிறதா என்று. மூன்றாம் நாள் அவர் கேட்டில் நின்று தண்ணீர் லாரிக்காரனை வைது தீர்த்ததைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே, என் சொந்தத் தம்பிக்குக்கூட அப்படி நான் கவலைப்பட்டதில்லை. பொட்டலத்தில் மிச்சம் இருந்தது அறுபது. நனைத்த தேங்காய் நார்த்தூளின் மேலாக ஒவ்வொன்றாக வைத்து, விரல் நுனியால் அழுத்தி, மூடாமல் விட்டேன். முப்பத்தெட்டு வந்தது. இனிப் போட விதை இல்லை. இருந்தாலும் நாள் இல்லை, இனிமேல் போட்டால் பூ மாசியில்தான் வரும்.

கால் மரத்துவிட்டது. இடது கால் என்னுடையதா மணையுடையதா என்று தெரியவில்லை. குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் உதட்டைக் குவிக்கிறது. தலை பட்ட இடம் வேர்த்து வேட்டி ஈரமாகி, என் தொடையும் அதன் தலையும் ஒன்றாக ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. வலது காதில் கம்பி நுழைந்த இடத்தில் கடுகளவு ரத்தம் காய்ந்திருக்கிறது. லேசாகத் தொடையை ஆட்டினால் எழுந்துவிடும். எழுந்தால் ஆசாரி குத்துவார், ஒரு நிமிஷம், கத்தல், முடிந்தது, நான் மாடிக்குப் போகலாம். ஆட்டலாமா? யாரும் பார்க்கவில்லை. வலியைத் தூக்கத்தில் மறந்திருக்கிறது, அதை எழுப்பி இன்னொரு காதைக் குத்தச் சொல்வதா, செடிக்காக? செடிக்காகத்தான். இல்லை, எப்படியும் குத்தத்தானே போகிறார்கள். எப்படியும் குத்தப்போகிறார்கள் என்பதும் நான் இப்போது எழுப்புவதும் ஒன்றா? தொடையை ஆட்டினேன். ஆட்டினேனா, நடுக்கமா, தெரியவில்லை, மரத்த காலில் எப்படித் தெரியும். குழந்தை பெருமூச்சு விட்டுக் கன்னத்தை இன்னும் அழுத்தமாகப் பதித்துக்கொண்டது. இப்போது கையையும் பிடித்துக்கொண்டது, என் கட்டைவிரலை, நான்கு விரலாலும். போச்சு. நான் யார், எனக்கு என்ன அவசரம் என்று எதுவும் தெரியாத ஒரு பிடி. வெயில் துண்டு மணையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. தரையில் கை வைத்துப் பார்க்க எட்டவில்லை, பார்த்தாலே சூடு தெரிகிறது.

கதவு தட்டுகிற சத்தம். திருமூர்த்தி. தெய்வாத்தாள் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள் போலிருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை. எட்டுப் பேர். “வாங்க தம்பி, வாங்க” என்று பாப்பாத்தி நாற்காலியைத் தள்ளினாள். அவர் உட்காரும்போதே, “அக்கா, சாப்பாடெல்லாம் அப்பறம், அன்னைக்குக் குடுத்தீங்களே ஒரு சர்பத், அது இருந்தா ஒரு டம்ளர். வெயில் பொளக்குது” என்றார். தெய்வாத்தாள் அடுக்களை நிலையில் நின்று என்னைப் பார்த்தாள். நான் குழந்தையைப் பார்த்தேன். “அது தீந்துபோச்சுங்க தம்பி, மோர் தர்றேன்” என்றாள். வெயில் பிளக்கிறது என்று அவரே சொல்கிறார். ஒருத்தர் வாயிலிருந்து இப்போதுதான் வெயில் என்ற வார்த்தை வந்திருக்கிறது. அவரிடம் சொல்வதா? இடத்துக்குச் சிமெண்டு போட நினைக்கிறவரிடம் போய், என் நாற்று செத்துக்கொண்டிருக்கிறது, காப்பாற்று என்பதா? மாடிக்குப் போய்ப் பார்த்தால் என் நிலைமை முழுக்க அவருக்குத் தெரிந்துவிடும், ஐப்பசி வந்தும் இன்னும் பொத்தான் அளவு நாற்றுதான் வைத்திருக்கிறேன் என்பது தெரிந்துவிடும். தெரியட்டும். தெரியக் கூடாது. மற்றவர்கள் செடி என்றால் சிரிக்கிறார்கள், இவர் ஒருவர்தான் அந்தச் செடியைப் பற்றி என்னிடம் நேராகக் கேள்வி கேட்டவர், என்ன செடிங்கய்யா என்று. இவருக்குத்தான் பாதியாவது தெரியும். வயிற்றுக்குள்ளும் போயிருக்கிறது. ஐயோ, அதை நினைத்தால் சிரிப்பு வரும், சிரித்தால் குழந்தை எழுந்துவிடும். எழுந்தால் நல்லதுதானே. எனக்கே என்ன வேண்டும் என்று தெரியவில்லை. லோகநாதனின் விரல் இன்னும் இறங்கவில்லை.

“தம்பி” என்றேன். அவர் மோர் டம்ளரோடு திரும்பினார். “கிட்ட வாங்க.” வந்து மணைக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். குழந்தையைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்து அதன் கன்னத்தைத் தொடப்போனார். “மாடில, தெற்கு ஓரமா, ஒரு தெர்மாகோல் பெட்டி. மேல கண்ணாடி. அதை மட்டும் நகத்தி வெச்சிட்டு வாங்க.” சொல்லிவிட்டேன். “என்னதுங்கய்யா அது?” “வட்டத்துக்கு உண்டான நாத்து. வெந்துட்டிருக்குது.” ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார், படியில் இரண்டிரண்டாகத் தாவுகிற சத்தம் கேட்டது. “செயலாளரு எங்க ஓடறாரு?” என்றாள் பாப்பாத்தி. நான் மாடிப் பக்கமே காதை வைத்திருந்தேன். மாடிக் கதவின் தாழ்ப்பாள் சத்தம். காலடி. நின்றது. கண்ணாடி தரையில் உரசுகிற சத்தம். உடையவில்லை. அப்பாடா என்று மூச்சை விட்டேன். வந்துவிடுங்கள் தம்பி, போதும், இறங்கி வாருங்கள். வரவில்லை. மறுபடி காலடி, இந்தத் தடவை தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக. எதற்குத் தொட்டிப் பக்கம் போகிறார்? அப்புறம் எங்கள் அடுக்களைக் குழாய் முனகியது. மாடியில் தொட்டிக் குழாயைத் திறந்தால் எங்கள் குழாய் முனகும். திறந்துவிட்டார். வாடிக் கிடப்பதைப் பார்த்து இரக்கப்பட்டுத் தண்ணீர் பிடிக்கிறார். வேண்டாம். அது கறுப்புத் தொட்டி, வெயிலில் கிடக்கிற குழாய், முதலில் வருகிற தண்ணீர் கை பொறுக்காது. அதை மக்கில் பிடித்து அப்படியே மேலிருந்து ஊற்றுவார். நான் தெளிப்பான் வைத்து, தும்மல் மாதிரி, அதுவும் பக்கவாட்டில்தான் அடிப்பேன், இவர் மக்கில் ஊற்றுவார். கத்த வேண்டும். தம்பி, ஊத்தாதீங்க என்று இங்கிருந்து கத்தினால் மாடிக்குக் கேட்கும், கதவு திறந்துதான் இருக்கிறது. வாயைத் திறந்தேன். கட்டைவிரலை நான்கு விரல் பிடித்திருக்கிறது. என்னுடைய இத்தனை வயதில் நான் ஒரு தடவைகூடக் கத்தினதில்லை, கத்துவது எங்கிருந்து ஆரம்பிக்கும் என்றே தெரியவில்லை, நெஞ்சிலிருந்தா வயிற்றிலிருந்தா. “ஊத்தாதீங்க!”

கத்திவிட்டேன். குழந்தை துள்ளி விழுந்து கண்ணைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, வாயைக் கோணி வீறிட்டது. தெய்வாத்தாள் கரண்டியோடு ஓடி வந்தாள். லோகநாதனின் விரல் இறங்கியது. கோகிலவாணி உள்ளிருந்து, “என்னாச்சு மாமா, என்னாச்சு” என்று தலைமுடி அவிழ வந்து நின்றாள். “ஒண்ணுமில்ல” என்றேன். “ஒண்ணுமில்லாமயா தொண்டை கிழியறாப்பல கத்துனீங்க? முப்பத்தஞ்சு வருசத்துல உங்க குரல் இப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதுங்க” என்றாள் தெய்வாத்தாள். ஆசாரிதான் காரியக்காரர். “எப்படியோ முழிச்சுதுல்ல, தலையப் புடிங்க பெரியவரே” என்று ஊசியை எடுத்துவிட்டார். பிடித்தேன். என் இரண்டு கைக்கும் நடுவே அந்தச் சின்னத் தலை தேங்காய் மாதிரி திமிறியது. அடுக்களைக் குழாய் இன்னும் முனகியது, ஊசி இறங்கியது, கத்தல், எது எப்போது நின்றது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு காதிலும் கம்பி. பாப்பாத்தி குலவை போட்டாள். குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். மடி காலியானதும் குளிர்ந்தது. எழுந்தேன், கால் இல்லை, சுவரைப் பிடித்து நின்றேன். “சாப்புட்டுட்டுப் போங்கண்ணா, மொத எலை மாமனுக்குத்தான்” என்று பாப்பாத்தி கையைப் பிடித்தாள். கையை விடுவித்துக்கொண்டேன். மெதுவாகத்தான் விடுவித்தேன். படியில் ஏறும்போது ஒவ்வொரு படியும் ஊசி குத்தின மாதிரி இருந்தது.

திருமூர்த்தி பெட்டியைத் தொட்டி நிழலுக்கு இழுத்து வைத்து அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மக். மக்கில் பாதித் தண்ணீர். “நீங்க கத்துனப்ப பாதி ஊத்திட்டேனுங்க” என்றார். “மொதத் தண்ணி சுட்டுது, அப்பறந்தான் தெரிஞ்சுது.” நான் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் தண்ணீர் விழுந்து நார்த்தூள் குழிந்து நாற்றெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து சேற்றில் ஒட்டிக் கிடந்தது. மறு பக்கம் தண்ணீர் படவே இல்லை, அங்கேயும் பல துவண்டு, இலை கண்ணாடி மாதிரி நிறம் மாறியிருந்தது. வெந்தது எத்தனை, சுடுதண்ணீரில் போனது எத்தனை, நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததில் போனது எத்தனை என்று பிரித்து எழுத வழியில்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. ஒரு நஷ்டம் என்றால் அது யாருடைய பக்கத்தில் என்று ஒரு கணக்கு வேண்டாமா?

“பதினெட்டு இருக்குதுங்கய்யா, நான் எண்ணிட்டேன்.”

நான் குனிந்து வரிசை வரிசையாக எண்ணினேன். “பதினேழு.”

“இதையும் சேர்த்துப் பாருங்க.” ஓரத்தில் ஒன்றைக் காட்டினார். தண்டு நடுவில் மடிந்து, தலை மட்டும் பச்சையாக இருந்தது.

“அதுக்குக் கழுத்து ஒடிஞ்சு போச்சு தம்பி.”

“நிமிந்துருமுங்க. ஒரு ஈர்க்குச்சி வெச்சுக் கட்டுனா...”

“நிமிராது.” கிள்ளி எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது, அவருடைய பிள்ளையைக் கிள்ளின மாதிரி.

பெட்டியைப் பார்த்தபடி கேட்டார். “வட்டத்துக்கு எத்தனை வேணுங்கய்யா?”

“முப்பது.”

“இது பத்தாதா?”

“பத்தாது.”

கீழே தெய்வாத்தாள், “ரெண்டு பேரும் வர்றீங்களா, எலையக் காயப் போடறதா?” என்று கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழவில்லை. திருமூர்த்தி கழுத்தைச் சொறிந்தார். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார், அங்கிருந்து கேட்டும் அந்த வட்டமும் தெரியும். “பொங்கலுக்குள்ள செவப்பாத் தெரியோணும்னுதானுங்க கூட்டத்துல சொன்னேன்” என்றார். “எத்தனை செடின்னு நான் சொல்லவே இல்லீங்களே.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லவில்லைதான். அத்தனை பேர் கை தட்டிய ஒரு பேச்சில் எத்தனை என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இப்படி ஓட்டையும் உடைசலுமாகவா ஒரு விஷயத்தைத் தீர்மானம் பண்ணுவார்கள்? செயலாளர் என்று ஒருவர் எதற்கு இருக்கிறார்? வாயில் வந்துவிட்டது, கேட்டிருப்பேன், ஆனால் அவர் அதற்குள் மக்கிலிருந்த தண்ணீரைத் தள்ளிக் கொட்டிவிட்டு, விரலை நனைத்து, சாய்ந்து கிடந்த ஒன்றின் அடியில் நார்த்தூளை அணைத்து நிறுத்திக்கொண்டிருந்தார். தடித்த விரல். மிக மெதுவாகத்தான் செய்தார். அது நின்றது. நான் ஏற்கெனவே எண்ணினதுதான் அது, புதிதாக ஒன்றும் கூடவில்லை. இருந்தாலும் ஒரே எண்ணிக்கையை நம்பி எனக்குப் பழக்கமில்லை. அவர் கையை எடுக்கும்வரை காத்திருந்து, இடது ஓரத்திலிருந்து மறுபடி எண்ணினேன், இந்தத் தடவை வாய்விட்டு. பதினேழு.